பயிற்சி மணிக்கணக்கு ஏறுகிறது, வகுப்பறை அப்படியே இருக்கிறது

மறுபடியும் ஒரு பயிற்சி. இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் வந்து விழுகிறது. நாளை காலை ஒன்பதரைக்கு ஆங்கிலப் பாட ஆசிரியர்கள் அனைவரும் வட்டார வள மையத்தில் இருக்க வேண்டும், தவறாமல் கலந்துகொள்ள வேண்டும், வராதவர்கள் விளக்கம் தர வேண்டும். எதைப் பற்றிய பயிற்சி என்று ஒரு வரி கிடையாது. போன தடவை சொல்லிக்கொடுத்தது வகுப்பில் பலித்ததா என்று ஒரு கேள்வி கிடையாது. நாளைக்கு என் ஆறாம் வகுப்பை யார் பார்ப்பார்கள்? பிள்ளைகளை ஏழாம் வகுப்போடு சேர்த்து உட்காரவைத்துவிட்டு, கணக்கு டீச்சர் இரண்டு வகுப்பையும் சமாளிக்க வேண்டும். அவருக்குப் பயிற்சி வரும் வாரத்தில் நான் சமாளிப்பேன்.

பயிற்சி வேண்டும் என்று ஏங்குகிறவள் நான். அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

அந்த ஒரு நாளில் என்ன நடக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கையெழுத்து, எமிஸ் என்னும் கல்வித் துறை இணையதளத்தில் வருகைப் பதிவு என்று பத்தரை மணி ஆகிவிடும். அப்புறம் அறிமுக விளையாட்டு. இருபது வருடம் பாடம் நடத்தியவர்களை வட்டமாக நிற்கவைத்துக் கைதட்டச் சொல்வார்கள். முன்தேர்வு ஒன்று வைப்பார்கள். பிறகு சிலைடுகள். எங்கோ யாரோ தயாரித்த சிலைடுகளை, பயிற்சி தர வரும் கருத்தாளர் வரிவரியாக வாசிப்பார். சாப்பாட்டுக்குப் பிறகு குழுவாகப் பிரிந்து சார்ட் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுத வேண்டும், அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், போட்டோ எடுத்து மேலே அனுப்ப வேண்டும். கடைசியில் பின்தேர்வு, கூகுள் படிவத்தில் பின்னூட்டம். "பயிற்சி பயனுள்ளதாக இருந்தது" என்ற வரிக்கு நேரே எல்லோரும் ஐந்தைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள், நாலரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே. அந்த ஐந்துகளைக் கூட்டித்தான் பயிற்சி வெற்றி என்று மேலே அறிக்கை போகிறது.

கருத்தாளர் மேல் எனக்கு வருத்தமில்லை. போன வாரம் மாவட்ட அளவில் கேட்டுவந்ததை அவர் இந்த வாரம் எங்களுக்குச் சொல்கிறார். மாவட்டத்தில் சொன்னவர் சென்னையில் கேட்டுவந்தவர். மேலே ஐந்து நாள் நடந்தது நடுவில் மூன்று நாளாகி, எங்களிடம் வரும்போது ஒரே நாளாக நிற்கும். இந்தச் செயல்பாடு ஏன், எந்தப் பிள்ளைக்கு, எப்போது என்பதெல்லாம் வழியிலேயே உதிர்ந்துபோகும். வந்து சேர்வது செயல்பாட்டின் பெயரும் அதற்கான சிலைடும்தான். ஏன் என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. அவருக்கு அதை யாரும் சொல்லவில்லை.

இந்த அடுக்குமுறை நம்மிடம் இன்று நேற்று வந்ததில்லை. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில், பழைய சென்னை மாநிலத்தில், தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பித்த 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்க ஒரு பெரிய முயற்சி நடந்தது. முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் இன்னும் பலருக்கு, அந்தப் பலர் ஊர் ஊராக மற்றவர்களுக்கு. உருள உருளப் பெருகும் பனிப்பந்து போல என்று, ஆங்கிலம் கற்பிக்கும் துறையில் அதற்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்றே பெயர். அந்தக் காலத்தில் ஆள் குறைவு, வசதி குறைவு, வேறு வழியில்லாமல் அப்படிச் செய்தார்கள் என்றால் புரிந்துகொள்ள முடிகிறது. அறுபது வருடத்துக்கு மேல் ஆன பிறகும், கல்வித் துறை அதிகாரிகளே, அதே வழியில்தான் எங்களிடம் வருகிறீர்கள். நடுவில் டயட் என்னும் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் வந்தன, வள மையங்கள் வந்தன, ஆளுக்கொரு செல்போன் வந்துவிட்டது. மேலிருந்து கீழே ஊற்றுவது மட்டும் மாறவேயில்லை.

எல்லாம் மணிக்கணக்குதான். 1960களில் மத்திய அரசு அமைத்த கோத்தாரி கல்விக் குழு, ஐந்து வருடப் பணிக்கு ஒருமுறையாவது இரண்டு மூன்று மாதப் பயிற்சி ஆசிரியருக்குக் கிடைக்க வேண்டும் என்றது. 2020 தேசியக் கல்விக் கொள்கை, வருடத்துக்கு 50 மணி நேரம் என்கிறது. 2019இல் நிஷ்டா என்று நாடு முழுவதற்குமான ஆசிரியர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியபோது 42 லட்சம் ஆசிரியர்கள் என்றார்கள். கொரோனா வந்ததும் அது இணையத்துக்குப் போனது. வீட்டில் ஒரு மூலையில் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்தில் குக்கர் கூவும், கடைசியில் கேள்விகளுக்கு விடை தட்டினால் சான்றிதழ் இறங்கும். என் கைப்பேசியிலும் அப்படிச் சான்றிதழ்கள் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றையாவது காட்டி, இதனால் இந்தப் பிள்ளை வாசிக்கத் தொடங்கினாள் என்று என்னால் சொல்ல முடியாது. அதைக் கேட்பதற்கும் ஆள் இல்லை. எத்தனை மணி நேரம் முடித்தாய் என்பது ஒன்றுதான் கேள்வி.

எனக்கு என்ன வேண்டும் என்று சொல்கிறேன். ஆறாம் வகுப்பில் சில பிள்ளைகள் பாடத்தைச் சரளமாக வாசிக்கிறார்கள். சிலருக்கு எழுத்துகளின் பெயர் தெரியும், ஒலி தெரியாது. மற்றவர்கள் புத்தகத்தில் ஆங்கில வரிக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பை எழுதிவைத்துக்கொண்டு வாசிக்கிறார்கள். காது கேட்டதை எழுதிக்கொள்ளும் புத்திசாலிப் பிள்ளைகள் அவர்கள். அந்த ஊன்றுகோலிலிருந்து அவர்களை எப்படி, எந்த வரிசையில் விடுவிப்பது? இந்த மூன்று கூட்டத்துக்கும் நாற்பது நிமிடத்தில் என்ன வேலை கொடுப்பது? தமிழில் 'ப' என்ற ஒரே எழுத்துக்குள் இருக்கும் இரண்டு ஒலிகளை ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தாகப் பிரித்துக் காட்டும்போது பிள்ளைகள் தடுமாறுகிறார்களே, அதற்கு என்ன பயிற்சி? இதை ஒரு பயிற்சியில் எழுந்து கேட்டேன். "அதை உங்க சூழலுக்கு ஏத்த மாதிரி நீங்களே பாத்துக்கோங்க டீச்சர்" என்றார்கள். நானே பார்த்துக்கொள்வதற்கா வகுப்பை விட்டுவிட்டு வந்தேன்?

இன்னொன்று, யாரும் வாயைத் திறந்து சொல்லாத ஒன்று. எங்களில் பலருக்கு ஆங்கிலத்தில் பத்து நிமிடம் தொடர்ந்து பேசக் கூச்சம். நாங்கள் படித்த பள்ளியிலும் ஆங்கிலத்தைத் தமிழில்தான் நடத்தினார்கள். ஆங்கில ஆசிரியர் பயிற்சி முழுக்கத் தமிழில் நடக்கிறது, இடையிடையே சிலைடு மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது. நாங்கள் பேசிப் பழக, தப்பாகப் பேசினாலும் யாரும் சிரிக்காத ஓர் இடம் வேண்டும். பெங்களூரில் தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனம் இருக்கிறது, 1963இல் தொடங்கியது. தென் மாநில ஆசிரியர்கள் அங்கே தங்கி 30 நாள் படித்துவிட்டு வரலாம். போய்வந்த என் தோழி ஒருத்தி, அங்கே பாடம் எடுத்துக் காட்டினோம், எடுத்து முடித்ததும் உட்கார்ந்து பேசினோம் என்று இன்றைக்கும் முகம் மலரச் சொல்கிறாள். ஒரு வட்டாரத்திலிருந்து எத்தனை பேருக்கு அந்த வாய்ப்பு கிடைக்கும்? அதில் கால்வாசியையாவது இங்கேயே, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் சனிக்கிழமை குறுவள மையக் கூட்டத்திலேயே செய்யலாமே. அந்தக் கூட்டத்துக்கும் மேலிருந்து நிகழ்ச்சி நிரல் வந்துவிடுகிறது, நிமிட வாரியாக.

கேட்டுவந்த ஒரு புது உத்தி வகுப்பில் நிலைக்க வேண்டுமானால், விளக்கிச் சொல்வதும் செய்துகாட்டுவதும் போதாது, ஆசிரியர் அதைத் தன் வகுப்பில் செய்து பார்க்கும்போது பக்கத்தில் ஒருவர் இருந்து உதவ வேண்டும் என்று புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் அமெரிக்காவில் 1980களிலேயே எழுதிவிட்டார்கள். கல்வியியல் படித்தவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். அந்தப் 'பக்கத்தில் ஒருவர்' எங்களுக்கு வந்ததே இல்லை. வகுப்புக்கு ஆள் வருவார்கள், இல்லையென்று சொல்லவில்லை. பாடக்குறிப்பேடு எங்கே, பதிவேடு எங்கே, கற்றல் விளைவு எண் எழுதினீர்களா என்று கேட்பார்கள். கைப்பேசியில் ஆம், இல்லை என்று டிக் அடிப்பார்கள். பின்வரிசையில் ஒரு பையன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பாடம் முடிந்ததும் "வாங்க டீச்சர், அந்த இடத்துல ஏன் அப்படிக் கேட்டீங்க?" என்று ஒரு பத்து நிமிடம் என்னோடு உட்கார்ந்து பேசியவர்கள் கிடையாது. அப்படிப் பார்வையிட வரும் பயிற்றுநர்களும் பாவம், அவர்களை எமிஸ் வேலைக்கும் கூட்டத்துக்கும் புள்ளிவிவரம் திரட்டவும் ஓடவிடுகிறீர்கள். அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுங்கள். அவர்களை எங்கள் வகுப்பில் உட்காரவிடுங்கள்.

சரி, எங்கள் நிலைமையாவது பரவாயில்லை, சம்பளம் வருகிறது. பெரியவர்களுக்கு எழுத்தறிவு கற்பிக்க வருகிறவர்களை இந்த அமைப்பு நடத்துகிற விதத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

எங்கள் பள்ளியிலேயே மாலையில் ஒரு எழுத்தறிவு மையம் நடக்கிறது. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், 2022 முதல் 2027 வரை. 15 வயதுக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு 200 மணி நேரம் கற்பித்து, கடைசியில் வாசிப்பு, எழுத்து, எண்ணறிவுக்கு 50, 50, 50 என 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு வைப்பார்கள். நல்ல திட்டம், மனதார வரவேற்கிறேன். ஆனால் கற்பிப்பவர் தன்னார்வலர், அதாவது சம்பளம் கிடையாது. எங்கள் மையத்துக்கு வந்தது ஊர்ப் பெண் ஒருத்தி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். அவளுக்குக் கிடைத்த பயிற்சி, ஒரு கூட்டமும் ஒரு புத்தகமும்.

மையத்துக்கு வருகிற அக்காக்கள், ஆத்தாக்கள் எல்லாம் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு, சமைத்துவைத்துவிட்டு வருகிறவர்கள். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார முடியாமல் உட்காருவார்கள். களைக்கொத்து பிடித்த கை பென்சிலை இறுக்கிப் பிடித்து முனையை ஒடித்துவிடும். பாதிப் பேருக்கு வெள்ளெழுத்து. நாற்பது வயது தாண்டினால் கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்கும் என்பது யாருக்குத் தெரியாது? ஆனால் அந்தப் பயிற்சியில் கண்ணாடி என்ற வார்த்தையே வரவில்லை என்றாள் அந்தப் பெண். "எனக்கு மண்டையில ஏற மாட்டேங்குது தாயி" என்று ஒரு ஆத்தா நின்றுவிடப் பார்த்தார். மண்டையில் ஒரு கோளாறும் இல்லை, புத்தகத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை. பக்கத்து டவுனில் நடந்த கண் முகாமுக்குக் கூட்டிப்போனோம், கண்ணாடி போட்டார், எழுத்துக் கூட்டுகிறார். இதைப் பயிற்சியின் முதல் பத்து நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டாமா?

எண்ணறிவு என்று ஒன்று, இரண்டிலிருந்து தொடங்கச் சொல்கிறது புத்தகம். அந்த ஆத்தா சீட்டு நடத்துகிறவர். நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் எட்டு மாதத்துக்கு எவ்வளவு என்று நான் காகிதம் தேடுவதற்குள் சொல்லிவிடுவார். அவருக்குத் தெரியாதது எண்ணை எழுதும் விதம். கணக்கு அவருக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததிலிருந்து தொடங்குவது எப்படி, பெரியவர்களிடம் பேசுவது எப்படி, தப்புச் செய்தால் பேரப்பிள்ளையைத் திருத்துவது போலத் திருத்தாமல் இருப்பது எப்படி என்று அந்தச் சின்னப் பெண்ணுக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டாமா? அவளுக்குத் தெரிந்த ஒரே பள்ளிக்கூடம் அவள் படித்த பள்ளிக்கூடம். அதையே செய்தாள். "கையைக் கட்டிட்டு உக்காருங்க" என்றாள் முதல் நாள்.

1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோதும் தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது, பயிற்சியும் இதே அடுக்கு வழியில்தான் வந்தது. ஆனால் அப்போது புதுக்கோட்டைப் பக்கம் தொண்டராக இருந்த எங்கள் தலைமையாசிரியர் சொல்வதைக் கேட்க வேண்டும். வாராவாரம் தொண்டர்கள் கூடுவார்களாம். யார் வரவில்லை, ஏன் வரவில்லை, எந்தப் பாடத்தில் சிக்கினார்கள் என்று பேசுவார்களாம். பாட்டு உண்டு, வீதி நாடகம் உண்டு, பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதும் அந்த இயக்கத்தோடுதான். ஒரு தொண்டரைத் தனியாக விட்டுவிடவில்லை என்கிறார். இப்போது தன்னார்வலருக்குக் கிடைப்பது ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் வருவது, இன்றைய வகுப்பின் போட்டோவை ஆறரைக்குள் பதிவிடவும் என்ற நினைவூட்டல்.

மாதம் ஒருமுறை பக்கத்து நாலைந்து மையத்துத் தன்னார்வலர்களைக் கூட்டுங்கள். அனுபவமுள்ள ஒருவரை மாலை ஆறு மணிக்கு மையத்துக்கு அனுப்பி அந்தப் பெண்ணோடு சேர்ந்து பாடம் எடுக்கச் சொல்லுங்கள். பஸ் செலவுக்காவது கையில் காசு கொடுங்கள். 2009இல் வந்த சாக்ஷர் பாரத் திட்டத்தில் மையத்தை நடத்தும் பிரேரக்குக்கு மாதம் 2,000 ரூபாய் மதிப்பூதியம் இருந்தது, அதுவும் போய்விட்டது. கோடிக்கணக்கில் திட்டம் போடுகிறவர்களுக்கு இதற்குப் பணம் இல்லையா?

எங்கள் மையத்துப் பெண் போன மாதம் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாள். வீட்டு நிலைமை அப்படி, அவளை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது என்று தானாகவே கற்றுக்கொண்டிருந்தாள், அதுவும் அவளோடு போய்விட்டது. அவள் இடத்துக்கு இன்னொரு பெண் வந்திருக்கிறாள். அவளுக்குப் பயிற்சி எப்போது என்று விசாரித்தேன். இந்த வருடத்துப் பயிற்சி முடிந்துவிட்டதாம், போர்ட்டலில் மூடிவிட்டார்களாம். அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் ஏற்றச் சொன்னார்கள். இருபது பேர் நோட்டும் பென்சிலுமாக அவள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அவளுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?