கேமராவைத் திருப்புங்கள் அண்ணே

பதினொரு வாரமாக எங்கள் அம்மா வாசலில் கோலம் போடவில்லை. முட்டிவலி இல்லை. மழைச்சாரலும் இல்லை. எதிர்வீட்டுக் கதவுக்கு மேலே உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வெள்ளைக் கேமரா வந்து உட்கார்ந்திருக்கிறது. அதுதான் காரணம்.

எங்களுடையது சிங்கப்பூரின் ஈசூனில் பழைய அடுக்குமாடி புளோக். தாழ்வாரம் மடங்கித் திரும்பும் மூலையில் எங்கள் வீடு. எதிர்வீட்டு வாசலும் எங்கள் வாசலும் ஏழெட்டு அடி இடைவெளியில் நேருக்கு நேர் நிற்கும். இரும்பு கேட்டை மட்டும் பூட்டிவிட்டு மரக்கதவைப் பகல் முழுக்கத் திறந்து வைப்பதுதான் எங்கள் வழக்கம். இந்த வெக்கையில் வேறு எப்படி இருப்பது? இப்போது கதவைத் திறந்தால் அந்தக் கேமரா தலையைத் திருப்புகிறது. நிஜமாகவே திருப்புகிறது. 'கிர்ர்' என்று ஒரு சின்னச் சத்தம், அப்புறம் ஒரு நீலப் புள்ளி. இரவு நேரத்தில் அந்தச் சத்தம் ஹால்வரை கேட்கும். அங்கிருந்து பார்த்தால் எங்கள் சோபா, சாமி மேடை, சமையலறை வாசல் எல்லாம் தெரியும். அம்மா ஈரத்தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு விளக்கேற்றுவது யாரோ ஒருவருடைய போனில் தினமும் பதிவாகிறது.

வீவக என்கிற வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு யாருமே நம்மைப் பார்க்கக் கூடாது என்று கேட்க முடியாது. அது எனக்கும் தெரியும். இந்த ஊரில் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் இப்படித்தான் வாழ்கிறோம். காவலாளியும் நுழைவு அட்டையும் கொண்டோ என்கிற தனியார் அடுக்குமாடிக்கு. எங்கள் புளோக்குக்குள் யாரும் வரலாம். சாப்பாடு கொண்டு வருகிறவர், துண்டுப் பிரசுரம் செருகுகிறவர், மூன்றாவது வீட்டுக்குத் துணைப்பாடம் படிக்க வரும் பிள்ளைகள், தீபாவளிக்கு வரும் அறுபது உறவுக்காரர்கள். அடுத்த வீட்டு மக்சிக், அதாவது மலாய் அத்தை, முப்பது வருடமாக எங்கள் ஜன்னலைத் தாண்டித்தான் லிஃப்டுக்குப் போகிறார். எங்கள் வீட்டுச் சண்டை, வளைகாப்பு, சாவு எல்லாமே அவருக்குத் தெரியும். ஒன்றுகூட அவர் வாய் வழியாக வெளியே போனதில்லை. நான் அழுதுகொண்டிருந்த ஒரு நாள், நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். சாயங்காலம் குவே என்கிற மலாய்ப் பலகாரம் ஒரு தட்டு கேட்டில் தொங்கியது. பார்த்தும் பார்க்காததுபோல் போகும் அந்தப் பழக்கத்தில்தான் தாழ்வார வாழ்க்கையே ஓடுகிறது. கேமராவுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தெரியுமா?

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். என் மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள், சனிக்கிழமைகளில் பகுதி நேர வேலை. அன்று வர இரவு 11.40 ஆகிவிட்டது. நேரமாகிவிட்டதே என்று கூட வேலை செய்கிற பையன் வாசல்வரை வந்து விட்டுவிட்டுப் போனான். நான்தான் கேட்டைத் திறந்தேன், அவனுக்கு நன்றியும் சொன்னேன். மறுநாள் காலை எங்கள் புளோக் வாட்ஸ்அப் குழுவில் ஒன்பது வினாடிக் காணொளி. என் மகளின் முகம், அந்தப் பையனின் முகம், எங்கள் வீட்டு எண். கீழே, "நம் மாடியில் தெரியாத முகங்கள் நடமாடுகின்றன, கவனம்" என்று ஒரு வரி. நூற்றுச் சொச்சம் பேர் இருக்கிற குழு அது. என் மகள் அதைப் பார்த்துவிட்டு அழவில்லை, கத்தவும் இல்லை. "அம்மா, இனிமே நான் பின்பக்கப் படிக்கட்டுல ஏறி வரவா?" என்று கேட்டாள். தன் வீட்டுக்குத் திருடனைப்போல வர வேண்டுமா என் பிள்ளை?

எதிர்வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டேன். தமிழர்தான், பத்து வருடமாக நான் அண்ணே என்று கூப்பிடுகிறவர். "எல்லாம் பாதுகாப்புக்குத்தாம்மா. தப்பு பண்ணலைன்னா எதுக்குப் பயப்படணும்?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தப்பு செய்கிறவர்கள்தான் கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்றுகிறார்களா? எங்கள் அம்மா என்ன தப்பு செய்தார், வாசலுக்கு வர இப்படிக் கூச?

அவருடைய பயம் பொய்யில்லை. அதையும் சொல்ல வேண்டும். எப்போதோ அந்த வீட்டில் குடியிருந்து போன எவரோ வாங்கிய கடனுக்காகக் கடன்முதலைகள் அவர் கதவில் சிவப்புச் சாயத்தை ஊற்றினார்கள். சுவரில் எழுதியும் வைத்தார்கள். அதைத் தேய்த்துக் கழுவும்போது பக்கத்தில் நின்று வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தவள் நான். கேமரா வையுங்கள் என்று அன்று சொன்னதும் நான்தான். அவர் கதவைப் பார்க்கட்டும், அவர் வாசலைப் பார்க்கட்டும், லிஃப்டிலிருந்து வருகிற வழியைப் பார்க்கட்டும். என் ஹாலை ஏன் பார்க்க வேண்டும்?

விதியும் இதைத்தான் சொல்கிறது. 2023க்கு முன்னால் தாழ்வாரத்தை நோக்கிக் கேமரா வைக்க அனுமதி வாங்க வேண்டியிருந்தது. இப்போது வீட்டுக்காரரே வைத்துக்கொள்ளலாம், ஆனால் அடுத்தவர் கதவையோ ஜன்னலையோ பார்க்கக் கூடாது. அந்த 'ஆனால்' மட்டும் யார் காதிலும் விழவில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012இலிருந்தே இருக்கிறதே என்று நினைத்தால், நிறுவனம் எடுக்கிற படத்துக்குத்தான் அது பொருந்துமாம், தனி மனிதர் வீட்டுத் தேவைக்கு எடுப்பது அதில் சேராது. மிஞ்சியிருப்பது 2015இல் வந்த அக்கம்பக்கப் பூசல் சட்டம். சத்தம், நாற்றம், குப்பையோடு அண்டைவீட்டாரைக் கண்காணிப்பதையும் அது தொல்லை என்றே சேர்த்திருக்கிறது. நடுவர் மன்றத்துக்குப் போகலாம், 20,000 சிங்கப்பூர் வெள்ளிவரை இழப்பீடும் கேட்கலாம். யாருக்கு வேண்டும் அந்தப் பணம்? முறுக்குத் தட்டும் பலகாரத் தட்டும் மாறி மாறிப் போய்வந்த வீட்டின் மீதா வழக்குப் போடுவது?

தாழ்வாரத்தில் ஆள் நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். செருப்பு அடுக்கு ஒரு சாண் தள்ளியிருந்தால் படம் எடுத்துப் போட ஆள் இருக்கிறது. ஒரு கேமராவின் பார்வை எதுவரை போகலாம் என்று அளந்து பார்க்க மட்டும் ஒருவர் இல்லை.

இப்போது அதே குழுவில் புதுப் பேச்சு. லிஃப்ட் பக்கம் ஒரு கேட் போட்டு வெளியாட்களை நிறுத்திவிட வேண்டுமாம். அதையும் நான் எதிர்க்கிறேன். டக்ஸ்டனில் பினாக்கிள் புளோக்குகளைப் போய்ப் பாருங்கள். அதுவும் வீவகதான். 50ஆவது மாடிப் பாலத்துக்குக் கட்டணம் கட்டி யாரும் ஏறிப் பார்க்கலாம். 26ஆவது மாடிப் பாலம் அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும். ஊரை வரவும் விட்டார்கள், குடியிருப்பவர்களுக்கென்று ஒதுங்க ஓர் இடத்தையும் விட்டார்கள். எங்கள் மாடியில் நடப்பது தலைகீழ். வருகிறவனைத் தடுக்கப் பூட்டு வேண்டுமாம், குடியிருக்கிறவள் வீட்டுக்குள் மட்டும் எந்நேரமும் எட்டிப் பார்க்கலாமாம். துணைப்பாடத்துக்கு வருகிற பத்து வயதுப் பிள்ளையைக் கண்டு எனக்குப் பயமில்லை. பயமெல்லாம் அந்த ஒன்பது வினாடிக் காணொளி இன்னும் எத்தனை போன்களில் கிடக்கிறது என்பதில்தான். குழுவில் அழித்துவிட்டார் சரி, மற்றவர்கள் இறக்கி வைத்ததை யார் அழிப்பது?

கேமராவைக் கழற்றச் சொல்லவில்லை. நான்கு விரல் அகலம் இடது பக்கம் திருப்பினால் லிஃப்ட் வழி முழுதும் தெரியும், எங்கள் வீடு தெரியாது. நாற்காலி போட்டு ஏறி நின்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஒரே ஒரு திருகாணி. ஐந்து நிமிட வேலை. மூன்று முறை கேட்டாயிற்று, "இந்த வாரம் பார்க்கிறேம்மா" என்று மூன்று முறையும் சொல்லியாயிற்று.

அம்மாவின் துளசித் தொட்டியை உள்ளே எடுத்து வைத்துவிட்டோம், அதற்குத் தண்ணீர் ஊற்றவும் அவர் வெளியே போக மாட்டேன் என்கிறார். ஹாலில் வெயில் போதாமல் இலை பழுத்து உதிர்கிறது. நாளைக் காலை திருப்புளியோடு நானே வருகிறேன் அண்ணே. ஏணியை மட்டும் எடுத்து வையுங்கள்.