சிரித்தவர்களுக்கு ஒரு லுடைட் எழுதுவது

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் எழுந்து ஒரு கேள்வி கேட்டதும் என்ன நடந்தது என்று மறுபடி முழுசாக விளக்கப் போவதில்லை. அந்த ஒன்றரை நிமிட வீடியோ எல்லாருடைய போனுக்கும் வந்துவிட்டது. எனக்கே நான்கு பேர் அனுப்பினார்கள், அதில் இரண்டு பேர் சிரிக்கும் பொம்மையோடு.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. மொழிபெயர்ப்புக்கு வார்த்தைக்கு ஒன்றரை ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தேன். இப்போது "மெஷின் போட்டுக் கொடுத்துடும், நீங்க சும்மா ஒரு பார்வை பார்த்துக் கொடுங்க" என்று நாற்பது பைசா சொல்கிறார்கள். மிச்சம் ஒரு ரூபாய் பத்து பைசா யார் கைக்குப் போகிறது? மேடையில் இருந்தவர் இதற்குப் பதில் சொல்லவில்லை. "சார் ஒரு லுடைட் போலிருக்கு" என்றார், அதாவது எந்திரத்தைக் கண்டாலே எதிர்க்கிற ஆள் என்று. அரங்கம் சிரித்தது. மைக் அடுத்த வரிசைக்குப் போய்விட்டது.

சரி, லுடைட் என்றே இருக்கட்டும். திட்டுகிறவர்கள் அந்த வார்த்தையின் கதையைத் தெரிந்துகொண்டு திட்டினால் நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

1811 மார்ச்சில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில், ஆர்னால்ட் என்ற ஊரில் லுடைட்டுகளின் எந்திர உடைப்பு தொடங்கியது. அவர்கள் காலுறை பின்னுகிறவர்கள். அவர்கள் உடைத்த பின்னல் சட்டம், அதாவது காலுறை பின்னுகிற எந்திரம், ஏதோ நேற்று வந்து இறங்கிய பூதம் அல்ல. வில்லியம் லீ என்பவர் அதை 1589-லேயே செய்துவிட்டார். இருநூறு வருடத்துக்கு மேலாக அப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று அந்த எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து கை கால் தேய்ந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு எந்திரம் என்றால் பயம் என்பது, முப்பது வருடமாக ஆட்டோ ஓட்டுகிறவரைப் பார்த்து "பாவம், ஆட்டோன்னா பயப்படுறார்" என்பது மாதிரி.

அப்புறம் எதற்கு உடைத்தார்கள்? அந்தச் சட்டம் பெரும்பாலும் அவர்களுக்குச் சொந்தமில்லை, வாரா வாரம் அதற்கு வாடகை கட்ட வேண்டும். சில முதலாளிகள் கூலியைக் காசாகத் தராமல் சரக்காகத் தந்தார்கள். தொழில் பழகாத பையன்களைப் பாதிக் கூலிக்கு உட்கார வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே 'கட்-அப்' என்று ஒன்று. அகலமான சட்டத்தில் துணியாகப் பின்னி, காலுறை வடிவத்தில் கத்தரித்து, தைத்து விற்றுவிடுவது. தையல் விட்டுப்போகும். வாங்கினவன் நாட்டிங்ஹாம் காலுறையே மோசம் என்று திட்டுவான். ஒழுங்காகப் பின்னினவனுக்கும் சேர்த்துத்தான் விலை விழும். உடைக்கப் போனவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் உடைக்கவில்லை. கூலியை அறுத்தவர்களின் சட்டங்களைத் தேடி உடைத்தார்கள், ஒழுங்காகக் கூலி கொடுத்தவர்களின் சட்டங்களை விட்டுவைத்தார்கள். எந்திரத்தின் மேல் வெறுப்பு உள்ளவன் இப்படிப் பொறுக்கியெடுத்து உடைப்பானா?

இன்னொன்று. சுத்தியலை எடுப்பதற்கு முன்னால் அவர்கள் பேனாவை எடுத்தார்கள். கூலியை ஒழுங்குபடுத்தக் கேட்டு 1779-லேயே நாடாளுமன்றத்துக்குப் போனார்கள், தோற்றார்கள். லங்காஷயர் கைத்தறிக்காரர்கள் குறைந்தபட்சக் கூலி கேட்டு 1808-ல் போனார்கள், அதுவும் தோற்றது. சங்கம் சேரலாமா என்றால் 1799, 1800 சட்டங்கள் அதைக் குற்றம் என்றன. ஊரெல்லாம் பின்னல் சட்டங்கள் உடைபட்டுக்கொண்டிருந்த 1812-லும், கிரேவனர் ஹென்சன் என்ற பின்னல்காரர் ஒரு மசோதாவோடு லண்டனில் அலைந்தார். கீழவை நிறைவேற்றியது, பிரபுக்கள் அவை தூக்கிப் போட்டது. அதே வருடம் அதே நாடாளுமன்றம் வேறொரு மசோதாவை மட்டும் கடகடவென்று நிறைவேற்றியது. பின்னல் சட்டத்தை உடைத்தால் தூக்கு. 24 வயதுக் கவிஞர் பைரன் தன் முதல் பேச்சையே அதை எதிர்த்துத்தான் பேசினார், யாரும் அசையவில்லை. 12,000 சிப்பாய்களை இறக்கினார்கள். 1813 ஜனவரியில் யார்க் நகரில் 17 பேரைத் தூக்கிலிட்டார்கள்.

"ஹார்ஸ்ஃபால் என்ற ஆலை முதலாளியைச் சுட்டுக் கொன்றார்களே?" என்று ஒருவர் ஏற்கனவே இன்பாக்ஸில் கேட்டுவிட்டார். ஆமாம். கொலை கொலைதான், நான் மழுப்பவில்லை. "அப்போது நெப்போலியன் போர், வியாபாரம் படுத்திருந்தது, விளைச்சலும் மோசம், எல்லாவற்றையும் எந்திரத்தின் தலையில் போடாதே" என்கிறார் இன்னொருவர். அதைத்தானே ஐயா நானும் சொல்கிறேன்! எந்திரத்தின் தலையில் அவர்களும் போடவில்லை, நானும் போடவில்லை.

என் தாத்தா சேலத்தில் குழித்தறியில் கையால் நெய்தவர். சின்ன வயதில் எனக்குக் கதை சொன்னவர் அவர்தான், அதில் பாதிக் கதை தறிக் கதை. முதன்முதலாக விசைத்தறி ஓடுகிறது என்று கேள்விப்பட்டதும் வேலையைப் போட்டுவிட்டுப் பார்க்கப் போனாராம். ஊடு நூலைக் கொண்டு போகிற நாடா தானாகப் போய்த் தானாக வருவதைப் பார்த்துக்கொண்டு சாயங்காலம் வரை அங்கேயே நின்றிருக்கிறார். "ஒருத்தன் நாலு தறி பாக்குறான்டா" என்று சொல்லும்போது எண்பது வயதிலும் அவர் கண் விரியும். பொறாமையே இருக்காது அதில், வேலை தெரிந்தவனின் வியப்பு. அவர் திட்டியது நெய்வதற்குப் பாவு நூல் கொடுக்கிற முதலாளியை. "மெஷின் துணி இந்த வெலைக்கு வருது, கூலியக் கொறச்சுக்கோ" என்றவரை. பாட்டி தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டே அந்தக் குடும்பத்தை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டுவாள்.

என் பெரிய மாமா சாமர்த்தியசாலி. காலத்தோடு போக வேண்டும் என்று கடன் வாங்கி நாலு விசைத்தறி போட்டார். மேடைக்காரர் சொன்ன அதே 'தகவமைத்துக்கொள்ளுதல்'. இருபது வருடம் கழித்து அந்த நாலு தறியையும் பழைய இரும்பு விலைக்கு எடை போட்டு லாரியில் ஏற்றினார்கள். நான் பக்கத்தில் நின்றேன். எடைக்காரன் மரச்சாமானைக் கழற்றித் தனியாக வை என்றான். மாமா ஒரு நாடாவை மட்டும் எடுத்துச் சட்டைப் பைக்குள் போடப் பார்த்தார், அது பைக்குள் போகவில்லை.

எங்கேயோ போய்விட்டேன்.

மேடைக்காரர் அன்று பொருளாதார மேதை ஆடம் ஸ்மித்தின் குண்டூசித் தொழிற்சாலையை வேறு இழுத்தார். வேலையைப் பதினெட்டாகப் பிரித்தால் பத்துப் பேர் ஒரு நாளில் 48,000 குண்டூசி செய்யலாம், எல்லாருக்கும் நல்லது, கைதட்டல். 1776-ல் வந்த ஸ்மித்தின் 'நாடுகளின் செல்வம்' புத்தகத்தின் முதல் அத்தியாயம் அது. ஐந்தாம் பாகம் வரை பொறுமையாகப் படித்திருந்தால், வாழ்நாள் முழுக்க ஒன்றிரண்டு சின்ன வேலையையே செய்கிறவன் ஒரு மனிதன் எவ்வளவு மந்தமாக முடியுமோ அவ்வளவு மந்தமாகிவிடுவான் என்று அதே ஸ்மித் எழுதியிருப்பதையும் பார்த்திருக்கலாம்.

டேவிட் ரிக்கார்டோவையும் விட்டுவிட்டார். பொருளாதார அறிஞர், பங்குச் சந்தையில் பெரும் பணம் சேர்த்தவர், நாடாளுமன்ற உறுப்பினர். லுடைட்டுகளுக்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. எந்திரத்தால் உழைப்புக்கான தேவை குறையாது என்று 1819-ல்கூட நாடாளுமன்றத்தில் சொன்னவர், 1821-ல் தன் புத்தகத்தின் மூன்றாம் பதிப்பில் எந்திரங்களைப் பற்றி ஒரு புது அத்தியாயம் சேர்த்தார். நான் நினைத்தது தப்பு, மனித உழைப்புக்குப் பதில் எந்திரம் வருவது உழைக்கிறவர்களுக்குப் பல நேரங்களில் பெரும் கேடு, அவர்களுடைய அந்த எண்ணம் வெறும் அறியாமை இல்லை என்று எழுதினார். அவருடைய சீடர்களே ஆடிப்போனார்கள். எந்திரத்தைத் தடுக்காதே, தடுத்தால் மூலதனம் வெளிநாட்டுக்குப் போய்விடும் என்றும் அதே அத்தியாயத்தில் சொல்கிறார். தெரியும், நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டாம். எவ்வளவு பெரிய மூளை, நான் தப்பு என்று அச்சில் சொல்ல முடிந்திருக்கிறது. நம் ஆட்களுக்கு ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

"கடைசியில் எல்லாரும் வசதியானார்களே, நீயே போனில்தானே டைப் அடிக்கிறாய்?" போனை விடுங்கள், அது வாதமே இல்லை. 'கடைசியில்' என்ற வார்த்தைக்கு வருகிறேன். பொருளாதார வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆலன் போட்ட கணக்கில், 1780-லிருந்து 1840 வரை பிரிட்டனில் ஒரு தொழிலாளியின் உற்பத்தி 46 சதவீதம் ஏறியது, நிஜக் கூலி 12 சதவீதம்தான் ஏறியது. அது சராசரி. போல்ட்டன் ஊர்க் கைத்தறிக்காரனின் வாரக் கூலி 1795-ல் 33 ஷில்லிங். 1815-ல் 14. 1830 வாக்கில் ஐந்தரை. கடைசியில் வந்த வசதியை அவன் எந்தக் குழிக்குள்ளிருந்து அனுபவித்தான்?

அந்த வசதியும் எந்திரத்திலிருந்து தானாகக் கொட்டவில்லை. ஒன்பது வயதுக்குக் கீழே குழந்தைகளை வைக்காதே என்று பருத்தி ஆலைகளுக்கு 1819-ல் சொன்னார்கள், மற்ற நெசவாலைகளுக்கும் சொல்ல 1833 ஆனது, அதிலும் பட்டாலைக்கு விலக்கு. ஒன்பது வயது முடிந்தால் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் வேலை வாங்கலாம். இதற்குப் பெயர் சீர்திருத்தம்! பத்து மணி நேர வேலை கேட்டபோது, லாபமே கடைசி ஒரு மணி நேரத்தில்தான் வருகிறது, அதை வெட்டினால் லாபமே போய்விடும் என்று 1837-ல் எழுதினார் நாசோ சீனியர். ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருந்தவர். 1847-ல் சட்டம் வந்தது. ஆலைகள் ஓடின. மேடையும் மைக்கும் கையில் இருந்தால் எதையும் அறிவியல் மாதிரிச் சொல்லலாம் என்பது அப்போதே தெரிந்த விஷயம்.

நான் மெஷினை எதிர்க்கவில்லை. இன்னொரு தடவை சொல்கிறேன், ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறவர்கள் இந்த வரியையும் சேர்த்து எடுங்கள்: நான் மெஷினை எதிர்க்கவில்லை. தினமும் அதோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். அது பத்து வரியை அழகாகப் போடும், பதினோராவது வரியில் மாமனாரை மாமா ஆக்கிவிடும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க முழுப் பக்கத்தையும் மூலத்தோடு வைத்துப் படிக்க வேண்டும். அந்த வேலைக்குப் பெயர் 'சும்மா ஒரு பார்வை', விலை நாற்பது பைசா. தையல் விட்டுப்போனால் முதல் பக்கத்தில் இருப்பது என் பெயர்.

கேலி செய்ததுகூடப் பரவாயில்லை. அந்த வீடியோவில் நான் உட்காரும்போது வலது ஓரத்தில் நீலச் சட்டை போட்ட ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார், பார்த்திருப்பீர்கள். பதினெட்டு வருடப் பழக்கம். அவருடைய முதல் புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்த்தவன் நான், காசு வாங்காமல். பேரைப் போட மாட்டேன். அவருக்குத் தெரியும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மெயில் வந்துவிட்டது. 86 பக்கம், மெஷின் போட்டது, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம். சரி என்று பதில் போட்டுவிட்டேன். அதனால் கமெண்டுகளுக்கு உடனே வர முடியாது.