மூனு விநாடி

பினாங்கு, ஜார்ஜ்டவுன். கொம்தார் கட்டட மாடியில் ஒரு பழுது பார்க்கும் கடை. மாணிக்கம் பையை மேசையில் கவிழ்க்கிறார்.

குமார்: என்னண்ணே, கண்காட்சி வைக்கப் போறீங்களா?

மாணிக்கம்: எல்லாத்துலயும் ஒரே சமாச்சாரம்தான் தம்பி. 1989ல கேசட்டுல பதிஞ்சேன். மகன் சிடி போட்டுக் கொடுத்தான். அப்புறம் ஹார்ட் டிஸ்க்ல ஏத்துனான். இப்ப எதுவும் பேச மாட்டேங்குது.

குமார்: சிடியில சாயம் போயிருக்கு பாருங்க. வீட்டுல பதியுற சிடிக்கு அந்தச் சாயப் படலம்தான் உயிரு. வெயிலும் சூடும் பட்டா போச்சு. எங்க வெச்சிருந்தீங்க?

மாணிக்கம்: காடியில. முன் கண்ணாடி ஓரமா.

குமார்: பொருத்தமான இடம். ஹார்ட் டிஸ்க்?

மாணிக்கம்: ஓடலன்னு ஆட்டிப் பார்த்தேன். உள்ளுக்குள்ள ஏதோ உருளுது.

குமார்: அதோட கதையும் முடிஞ்சது. கேசட்டையே பார்ப்போம்.

மாணிக்கம்: வெள்ளையா பூத்திருக்கேப்பா.

குமார்: பூஞ்சை. நம்ம ஊரு ஈரத்துக்குப் பூக்கலன்னாதான் அதிசயம். இப்படியே ஓட்டுனா, நாடாவைப் படிக்கிற ப்ளேயர் ஹெட்ல அப்பி, அடுத்து போடுற கேசட்டுக்கும் தாவும். மூலைக்கு ஒண்ணு, நடுவுல ஒண்ணு, மொத்தம் அஞ்சு ஸ்க்ரூ. கழட்டி, முகமூடி போட்டுக்கிட்டு நாடாவைத் துடைச்சு, வேற கூட்டுக்கு மாத்தணும்.

மாணிக்கம்: பென்சில் விட்டுச் சுத்துனா போதாதா?

குமார்: அது நாடா தொங்குனா செய்யுற வைத்தியம். இங்க நாடாவை ஹெட்மேல அழுத்திப் பிடிக்கிற பஞ்சுத் துண்டே பசை விட்டு உதிர்ந்து கிடக்கு. அது இல்லாம போட்டா, கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரிதான் கேக்கும்.

மாணிக்கம்: என் ப்ளேயர் சுத்தவே மாட்டேங்குது தம்பி.

குமார்: ரப்பர் பெல்ட் உருகியிருக்கும். அந்தக் கறுப்புப் பிசினை ஆல்கஹால்ல சுரண்டி எடுத்துட்டு, கப்பிகளைச் சுத்தி நூல் விட்டு அளக்கணும். அந்த அளவைவிடக் கொஞ்சம் குட்டையா புது பெல்ட். இல்லன்னா வழுக்கும், குரல் இழுக்கும். அப்புறம் ப்ளேயரோட ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரோட லைன்-இன் துளைக்கு ஒயர். பலரும் மைக் துளையில செருகிட்டு ‘கரகரங்குது’ன்னு வந்து நிப்பாங்க. மைக்குக்குன்னு வெச்சது சில மில்லிவோல்ட்தான் தாங்கும். சத்தம் உச்சத்துல போனாலும் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாம பதியணும்.

மாணிக்கம்: 6 வெள்ளியா? பரவால்லியே!

குமார்: டெசிபெல்ண்ணே! சுருக்காம பதிஞ்சா நிமிஷத்துக்கு 10 மெகாபைட். 60 நிமிஷ கேசட்டுக்கு 600.

மாணிக்கம்: மூனு விநாடிக்கு?

குமார்: அரை மெகாபைட். அந்த மூனு விநாடியில அப்படி என்னதான் இருக்கு?

மாணிக்கம்: உங்க அண்ணி. கல்யாணமான புதுசு. ‘நீங்க சொன்னா சரிதாங்க’ன்னு சொன்னா.

குமார்: யாரு, நம்ம அண்ணியா?

மாணிக்கம்: பார்த்தியா! மகனும் இப்படித்தான் கேக்குறான். அதான் ஆதாரம் வேணும். யாரும் மேல பதிஞ்சிடக் கூடாதுன்னு அன்னைக்கே மேல் விளிம்புல இருந்த ரெண்டு பிளாஸ்டிக் காதையும் உடைச்சுட்டேன்.

குமார்: உடைச்சீங்க, சரி. அந்த ரெண்டு ஓட்டையிலயும் செல்லோடேப் ஒட்டுனது யாரு?

மாணிக்கம்: ஒட்டுனா என்ன?

குமார்: ஓட்டை அடைஞ்சா திரும்பவும் பதியலாம்ண்ணே. வீட்டுல ரெக்கார்டர் ஓட்டத் தெரிஞ்சது யாருக்கு?

மாணிக்கம்: அவளுக்கு. நான்தான் உக்கார வெச்சு சொல்லிக் கொடுத்தேன்.