நன்கொடைக்கு முன்னால் நடந்தது
ஆர்மேனியத் திருச்சபை ஒரு பழைய கையெழுத்துச் சுவடியின் எட்டு ஓவியப் பக்கங்களை லாஸ் ஏஞ்சலிஸின் கெட்டி அருங்காட்சியகத்துக்கு 'மனமுவந்து' நன்கொடையாகத் தந்தது என்று அவற்றைப் பற்றிய ஒரு கட்டுரை முடிகிறது; அது பாதிக் கதைதான். 1256இல் ஆர்மேனிய ஓவியர் தோரோஸ் ரோஸ்லின் தீட்டிய, இயேசுவின் வாழ்வைச் சொல்லும் நான்கு நற்செய்தி நூல்கள் அடங்கிய 'செய்தூன் நற்செய்தி' என்ற சுவடியிலிருந்து பிரிந்துபோன பக்கங்கள் அவை. 1994இல் கெட்டி காசு கொடுத்து வாங்கியது, 2010இல் திருச்சபை வழக்குப் போட்டது, 2015 சமரசத்தில் உடைமை திருச்சபைக்கே என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் இந்த நன்கொடை. அந்தக் கட்டுரைக்குப் பின்னூட்டம் எழுதிய ஒருவர் 'எங்கே இருந்தால் என்ன, பத்திரமாக இருக்கிறதே' என்கிறார். சரி, ஆனால் அந்தப் பக்கங்கள் வெறும் படங்கள் இல்லை. தங்க வளைவு, பறவை, தூண், தூண்களுக்கு நடுவே வரிசையாக எண்கள்: நான்கு நற்செய்திகளிலும் ஒத்துவரும் பகுதிகளைக் காட்டும் அட்டவணை அது. அட்டவணை லாஸ் ஏஞ்சலிஸில், அது சுட்டும் நூலோ ஆர்மேனியத் தலைநகர் எரெவானில், மாதெனதரான் என்ற சுவடி நூலகத்தில்!