முகவரைப் பார்க்க எழுத்தாளர் காசு கொடுக்க வேண்டுமா?

என் அக்கா மகள் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறாள். ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறாள். தோட்டத் துண்டாடல் காலத்துக் கதை, அதாவது ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலம். அதில் ஒரு பாட்டி, கூட்டுறவுச் சங்கப் பங்கு வாங்க மைலோ டின்னில் காசு சேர்ப்பாள். அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு நான் அழுதேன்.

போன மாதம் அவள் 450 ரிங்கிட் கட்டி, நியூயார்க்கில் இருக்கும் ஓர் இலக்கிய முகவருடன், அதாவது எழுதியதைப் பதிப்பகத்துக்கு விற்றுக் கொடுப்பவருடன், காணொளியில் பத்து நிமிடம் பேச இடம் பிடித்தாள். அங்கே பிற்பகல் இரண்டே முக்கால், இங்கே விடியற்காலை இரண்டே முக்கால். சட்டையை இஸ்திரி போட்டு, பொட்டு வைத்து, கணினியை நான்கு புத்தகங்கள் மேல் நிறுத்தி உட்கார்ந்திருந்தாள். நான் கேமராவில் படாமல் கட்டில் ஓரத்தில் இருந்தேன். முகவர் நல்ல மனிதர்தான், மரியாதையாகப் பேசினார். முதல் பக்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். கடைசியில், "முதல் மூன்று அத்தியாயங்களை எங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள்" என்றார். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் அனுப்பக்கூடிய அதே மின்னஞ்சல்!

"சித்தி, அப்போ எதுக்குக் காசு கட்டினேன்?" என்று கேட்டாள். அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்: கட்டியிருக்கவே கூடாதம்மா.

முகவர் வேலைக்கு என்று ஒரு முறை இருக்கிறது. கையெழுத்துப் பிரதியைப் பதிப்பகத்துக்கு விற்றுக் கொடுத்தால், வரும் பணத்தில் பொதுவாக 15 விழுக்காடு அவருக்கு. வெளிநாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகளுக்குப் பெரும்பாலும் 20. விற்கவில்லையா, ஒன்றும் கிடையாது. அமெரிக்க முகவர்கள் சங்கத்தின் நெறிமுறையே, பிரதியைப் படித்துப் பார்க்கக் கட்டணம் வாங்காதே என்கிறது. காரணம் எளிது. படிப்பதிலேயே காசு வந்துவிட்டால், விற்கக் கஷ்டப்படுவானேன்? வீட்டை விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட் வீட்டைப் பார்க்க வரவே காசு கேட்டால் நாம் விடுவோமா?

"அவருடைய நேரத்துக்கு விலை இல்லையா?" என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கிறது. அந்த விலைதான் அந்த 15 விழுக்காடு. பிரதியைத் திருத்தித் தர ஒரு எடிட்டருக்குப் பணம் கொடுப்பது வேறு விஷயம். அங்கே உழைப்பை வாங்குகிறோம், வேலை முடிந்து கைக்கு வருகிறது. பத்து நிமிடச் சந்திப்பில் நாம் வாங்குவது நம்பிக்கையைத்தான். அதுவும் டாலர் விலையில். இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ரிங்கிட். 450 ரிங்கிட் என்பது அதில் கால் பங்குக்கும் மேல். இப்படி ஒரு கதவு வைத்தால், பினாங்கு பிறையில் தொழிற்சாலை ஷிஃப்ட் முடித்து வந்து எழுதுகிற பிள்ளை அதைத் தட்டவே மாட்டாள்.

நம்மவர்களுக்கு இது தவறாகத் தோன்றாததற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். மலேசியத் தமிழில் எழுதுகிற பலர் சொந்தக் காசில்தான் புத்தகம் போடுகிறோம். அச்சகத்துக்குக் கட்டுகிறோம், மண்டபம் எடுக்கிறோம், முதல் நூலை டத்தோ பட்டம் பெற்ற ஒரு பிரமுகர் பெற்றுக்கொண்டு பண உறையைக் கொடுக்கிறார், மிச்சப் பிரதிகள் பெட்டியோடு வீட்டுக்கு வருகின்றன. நானும் அப்படித்தான் போட்டேன். அதை நான் குறை சொல்லவில்லை. நம் சந்தை சின்னது, வேறு வழி இருக்கவில்லை. ஆனால் அச்சகத்துக்குக் கொடுத்த காசு புத்தகமாகத் திரும்பி வந்தது. எழுதுகிறவர்தான் செலவழிக்க வேண்டும் என்று பழகிப்போனதால், முன்பின் தெரியாத ஒருவர் பணம் கேட்டாலும் நமக்கு உறைப்பதில்லை. ஆங்கிலத்தில் எழுதப் போகும் நம் பிள்ளைகளும் அந்தப் பழக்கத்தோடுதான் போகிறார்கள்.

அக்கா மகள் இப்போது ஆறு முகவர்களுக்கு ஒரு பக்கக் கடிதமும் முதல் அத்தியாயமும் அனுப்பியிருக்கிறாள். ஒரு காசு செலவில்லை. இரண்டு பேர் வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள், மற்றவர்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.

உங்கள் வீட்டிலும் எழுதுகிற பிள்ளை இருந்து, யாராவது "முகவரைப் பார்க்கக் கட்டணம்" என்று கேட்டால், பணம் அனுப்பும் முன் எனக்கு ஒரு செய்தி போடுங்கள். கடிதம் எழுதவும் கூட உட்கார்ந்து உதவுகிறேன்.