அந்த ஒரு மார்க் விவகாரம்

முந்தாநாள் நான் போட்ட விடைத்தாள் படத்துக்குக் கீழே கமெண்டில் நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். தோரியம் என்ற தனிமத்தில் எலக்ட்ரான்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்பது கேள்வி. சரியான பதிலுக்கு ஒரு மார்க்கைக் குறைத்துவிட்டார்கள் என்பதுதான் என் புகார். "ஒரு மார்க்குக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" ஆமாம், ஒரு மார்க்குக்குத்தான்.

திரும்பவும் சொல்கிறேன். தோரியத்துக்கு, ரேடான் வாயுவின் எலக்ட்ரான் அமைப்புக்கு மேல், 6டி என்ற துணைக்கூட்டில் இரண்டு எலக்ட்ரான், 7எஸ் துணைக்கூட்டில் இரண்டு. என்னிடம் டியூஷன் படிக்கிற பிள்ளை அதைத்தான் எழுதினாள். அதைப் பள்ளி ஆசிரியர் சிவப்பு மையில் அடித்து, 5எஃப்-இல் இரண்டு என்று திருத்தி, ஓரத்தில் "ஆஃபா?" என்று ஒரு கேள்விக்குறி வேறு. ஆற்றல் குறைந்த துணைக்கூடு முதலில் நிரம்பும் என்கிற விதிதான் ஆஃபா.

அணு எண் 90. ரேடானின் 86 போனால் கையில் நாலு. இரண்டு 7எஸ்-க்குப் போய்விடும். மிச்ச இரண்டும் எங்கே உட்காரும் என்பதுதான் பஞ்சாயத்து. ஆஃபா வரிசைப்படி அடுத்தது 5எஃப். ஆனால் அந்த இடத்தில் 5எஃப்-உம் 6டி-யும் ஆற்றலில் உரசிக்கொண்டு நிற்கின்றன, தோரியத்தில் 6டி முந்திக்கொள்கிறது. அணுக்கருவின் மின்சுமை ஏற ஏற 5எஃப் கீழே இறங்கும். யுரேனியத்தில் 5எஃப்-இல் மூன்று வந்த பிறகும் 6டி-யில் ஒன்று நகராமல் இருக்கிறது. புளூட்டோனியத்தில்தான் 6டி காலி, 5எஃப்-இல் ஆறு. இதெல்லாம் அணுக்கள் வெளியிடும் ஒளியைப் பிரித்து, அதன் நிறமாலையைப் பார்த்துக் கண்டது. விதியைப் பார்த்து எழுதியது இல்லை.

"பரீட்சைக்கு விதி போதும்" என்கிறார் ஒருவர். அப்படியா? குரோமியத்துக்கு விதிப்படி 3டி-யில் நாலு, 4எஸ்-இல் இரண்டு என்று எழுதினால் மார்க் போடுவீர்களா? அதற்கும் காப்பருக்கும் விலக்கு உண்டு, தோரியம் மட்டும் என்ன பாவம் செய்தது?

"5எஃப்-இல் ஒன்றுமே இல்லை என்றால் ஏன் எஃப் தொகுதி?" நல்ல கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். எஃப் துணைக்கூடு நிரம்பும் தனிமங்களைத்தான் தனிம அட்டவணையில் எஃப் தொகுதி என்று தனியே வைக்கிறார்கள். தோரியத்தை ஒரு காலத்தில் டி தொகுதியில், ஹாஃப்னியத்துக்குக் கீழேதான் வைத்திருந்தார்கள். 1944-இல் அமெரிக்க வேதியியலாளர் சீபோர்க் யோசனை சொன்ன பிறகுதான் இடம் மாறியது. மூன்று எலக்ட்ரானை இழந்த தோரியத்தில் மிஞ்சுகிற ஒன்று 5எஃப்-இல்தான் இருக்கும். இதற்கு மேல் வேண்டுமானால் டியூஷனுக்கு வாருங்கள்.

ஆமாம், "டியூஷன் டீச்சருக்கு இவ்வளவு வாயா" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். படித்தேன். இருக்கட்டும்.

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்து ஊர். எங்கள் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு, அதில் தோரியம் உண்டு. பிளஸ் டூவில் சாரிடம், "நம்ம மண்ணில் இருக்கிற தோரியத்துக்கு எப்படி சார் எழுதணும்?" என்று கேட்டேன். 5எஃப்-இல் இரண்டு என்று போர்டில் எழுதினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அழித்தார். "நாளைக்குச் சொல்றேம்மா." மறுநாள் ஒரு தடிப் புத்தகத்தோடு வந்தார், நடுவில் அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட். "நேத்து நான் எழுதினது தப்பு" என்று நாற்பது பேர் முன்னால் சொன்னார்.

இந்தப் பிள்ளையும் விடைத்தாளைத் திருத்திய ஆசிரியரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். "நீ என்ன பெரிய விஞ்ஞானியா?" என்று பதில் வந்ததாம். வகுப்பே சிரித்ததாம். சரி, நான் மார்க்கை விட்டுவிடுகிறேன். அந்தச் சிரிப்பை யார் திருத்துவது?

"அவர்களுக்கும் வேலைப்பளு" என்பவர்களே, இருக்கும். எனக்கும்தான் இருக்கிறது.

இன்று சாயங்காலம் நோட்டைத் திறக்காமலே கேட்டாள்: "அக்கா, லாரன்சியம் வந்தால் என்ன எழுதட்டும்? விதிப்படி 6டி-யில் ஒன்றா, நீங்க சொன்ன 7பி-யா?" லாரன்சியம் என்ற அந்தத் தனிமத்தின் அயனியாக்கும் ஆற்றலை, அதாவது ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றலை, 2015-இல் அளந்தபோது 7பி பக்கம்தான் ஒத்துவந்தது என்று போன வாரம்தான் ஆசையாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

புத்தி சொல்ல வந்தவர்கள் இதற்கு ஒரு பதிலையும் கமெண்டில் போட்டுவிட்டுப் போங்கள். அவளிடம் காட்டுகிறேன்.