எதற்காக இந்த அப்கிரேட்?

மறுபடியும் வந்துவிட்டது மெயில். என் செஸ் மென்பொருள் பழசாகிவிட்டதாம், சலுகை முடிவதற்குள் புதுப் பதிப்பு வாங்க வேண்டுமாம். வருஷம் தவறாமல் இதே பாட்டு. காசு கொட்டி வாங்கியது நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருக்கிறது!

"முன்பைவிடப் பலமான எஞ்சின்" என்கிறார்கள். எஞ்சின் என்றால் சிறந்த நகர்வைக் கணக்குப் போட்டுச் சொல்லும் புரோகிராம். யாருக்கு வேண்டும் அந்தப் பலம்? 1997லேயே டீப் புளூ என்ற கணினி உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்துவிட்டது. நார்வே வீரர் கார்ல்சன் தொட்ட உச்ச ரேட்டிங், அதாவது ஆட்ட பலத்துக்கான புள்ளி, 2882. சாதாரண லேப்டாப்பில் ஓடும் ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின் அதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. 2020ல் வந்த அதன் 12ஆம் பதிப்பிலேயே நியூரல் நெட்வொர்க், அதாவது தானே கற்றுக்கொள்ளும் செயற்கை அறிவு, சேர்த்துவிட்டார்கள்; கிராபிக்ஸ் கார்டுகூடத் தேவையில்லை. அதுவும் முழுக்க இலவசம். இறக்கி, பழைய மென்பொருளிலேயே எஞ்சினாகச் சேர்த்துக்கொண்டால் போதும்.

கோத்தகிரியில் நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள் ஆயிரத்துச் சொச்சம் ரேட்டிங்காரர்கள். ரூக் (யானை) மிஞ்சும் எண்ட்கேமில், அதாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், நம் சிப்பாய் ஏழாம் வரிசையில் நிற்கும், அதற்கு முன்னால் நம் ராஜா. ரூக்கை நாலாம் வரிசைக்கு ஏற்றிவிட்டு ராஜாவை வெளியே கொண்டுவர வேண்டும். எதிராளி செக் கொடுத்துக்கொண்டே வந்தால் கடைசியில் அந்த ரூக்கை வைத்து மறைக்க வேண்டும். பாலம் கட்டுவது என்போமே, அதுதான். அது கைவராமல், ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை டிராவில் விட்டுவிட்டு அழுதுகொண்டு வருகிறாள் ஒரு குழந்தை. எஞ்சினுக்கு இன்னும் கொஞ்சம் ரேட்டிங் ஏறினால் அவளுக்கு என்ன வந்தது? யார் எவ்வளவு முன்னிலை என்று திரையில் ஒரு நம்பர் காட்டும். ஏன் என்று சொல்லுமா?

இதில் பெற்றோர் வேறு. "கோயம்புத்தூர் பிள்ளைங்க எல்லாம் புதுசு வச்சிருக்காங்களாம் சார்." அந்தப் பயத்தைத்தான் விற்கிறார்கள்! குகேஷை அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா வெகுகாலம் எஞ்சின் பக்கமே விடவில்லை. அந்தக் குகேஷ்தான் 2024 டிசம்பரில், 18 வயதில், சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனார்.

சரி, வாங்குகிறோம் என்றே வைத்துக்கொள்வோம். பல ஜிபி இறக்க வேண்டும். ஆடிக் காற்றில் எங்காவது ஒரு கற்பூர மரம் கம்பிமேல் சாய்ந்தால் கரண்டும் போச்சு, டவரும் போச்சு, டவுன்லோடு மறுபடி முதலிலிருந்து. அப்புறம் ஆக்டிவேஷன், அதற்கும் நெட். போன தடவை லேப்டாப் மாற்றியபோது லைசென்ஸ் கீ செல்லாது என்றது. மெயில் போட்டால் இயந்திரம் அனுப்பும் பதில்தான் வந்தது, பேச ஆளே இல்லை. காசு கொடுத்தவன் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டுமா?

புது ஆட்டங்களின் தொகுப்பு தருகிறோம் என்பார்கள். தி வீக் இன் செஸ் என்ற இணையதளம் 1994 முதல் நடக்கிறது, வாராவாரம் பெரிய போட்டிகளின் ஆட்டங்களைச் சும்மாவே இறக்கிக்கொள்ளலாம். கிராண்ட்மாஸ்டர்கள் தங்கள் தேவைக்கு வாங்கட்டும், அது நியாயம். எங்கள் வகுப்பில் கடிகாரம் பற்றாமல் பிள்ளைகள் முறை வைத்து ஆடுகிறார்கள். அப்கிரேட் காசு கடிகாரத்துக்குத்தான் போகும்.